லீக் பாதியில் ஹாக்கி கோச்சை மாற்றுவது சரியா?

கமிட்டி ஆள்:

சென்னை ஹாக்கி லீகில் ஆடும் ஒரு டீமின் கமிட்டியில் இருக்கிறேன். டீம் பெயர் வேண்டாம், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்கு அடிக்கடி வருகிறவர்கள் கண்டுபிடித்துவிட்டாலும் தயவுசெய்து இங்கே போட்டு உடைக்காதீர்கள். பொழுதுபோக்குக்கு ஆடுகிற டீம் இல்லை, சம்பளம் கொடுத்து ஆட வைக்கிற டீம்தான், சில பேர் வெளியூரிலிருந்து ஒப்பந்தத்தில் வருகிறார்கள். போன சீசனில் மேலே இருந்தோம். இந்த சீசனில் ஒன்பது மேட்ச் முடிந்து இரண்டு வெற்றி, ஒரு டிரா, ஆறு தோல்வி. இப்படியே போனால் கீழ் டிவிஷனுக்கு இறங்கவேண்டியதுதான்.

செக்ரட்டரி மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். கோச்சை அனுப்பிவிட்டு நம்முடைய பழைய ப்ளேயர் ஒருவரைப் போடலாம் என்கிறார். இப்போதைய கோச் பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் (என்.ஐ.எஸ்.) கோச்சிங் டிப்ளமா முடித்தவர், எங்களோடு மூன்றாவது சீசன், ஒழுங்கான மனிதர், கொஞ்சம் அதிகமாகக் கத்துவார். வரப்போகிறவர் நன்றாக ஆடியவர்தான், ஆனால் இதுவரை எந்த டீமுக்கும் கோச்சாக இருந்ததில்லை. செக்ரட்டரிக்கு வேண்டப்பட்டவர் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். ஓட்டெடுப்பு வந்தால் என் ஒரு ஓட்டில் முடிவாகும் போலிருக்கிறது.

சீசன் நடுவில் கோச்சைத் தூக்குவதால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா, இல்லை, நாங்கள் சும்மா இருக்கவில்லை என்று காட்டிக்கொள்ளத்தான் உதவுமா? ஆடியவர்கள், ஆட வைத்தவர்கள் சொல்லுங்கள்.

கேலரி காக்கா:

தூக்குங்கள் சார், இதில் என்ன யோசனை. இருபது ப்ளேயரை நடுவில் மாற்ற முடியாது, ஒரு கோச்சை மாற்றலாம், அவ்வளவுதான் கணக்கு. உங்கள் டீமை நான் பார்த்திருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன் (பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்). கடைசி குவாட்டரில் பந்து போய்விட்டால் முன்னால் இருக்கிற ஒருத்தன்கூட பின்னால் ஓடி வருவதில்லை, கோச் தொண்டை கிழியக் கத்துகிறார், பையன்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் பேச்சு எடுபடுவது நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் அவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தால் என்ன?

பழைய லெஃப்ட் ஹாஃப்:

தம்பி காக்கா, அவசரம் வேண்டாம். கோச்சைத் தூக்குவதில் நம் நாட்டு ஹாக்கிக்கு இருக்கிற அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது, அதையே கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 வருஷம் கழித்துத் தங்கம் வாங்கினோம். தன்ராஜ் பிள்ளை கேப்டன், எம்.கே. கௌசிக் கோச். ஊர் திரும்பிய சூட்டோடு கௌசிக்கை அனுப்பினார்கள், தன்ராஜையும் ஆசிஷ் பல்லாலையும் இன்னும் சிலரையும் டீமிலிருந்தே கழற்றிவிட்டார்கள். ஜெயித்தவனுக்கே அந்தக் கதி. 2003-ல் ஆசியக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர் ராஜிந்தர் சிங், அடுத்த வருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் வாசலில் நிற்கும்போது அவரை எடுத்துவிட்டு ஜெர்மனியிலிருந்து கெர்ஹார்ட் ராக்கைக் கூட்டிவந்தார்கள். ஏதென்ஸில் ஏழாம் இடம். அதற்கு முன்னால் சிட்னியிலும் ஏழாம் இடம்தான், ஆக மாற்றி என்ன லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

காக்காவுக்குச் சாதகமான உதாரணத்தையும் நானே தருகிறேன். 2017 செப்டம்பரில் ஆண்கள் அணி கோச் ஓல்ட்மன்ஸை நீக்கினார்கள். அவர் இடத்துக்கு மரைனே வந்தார், அக்டோபரில் டாக்காவில் ஆசியக் கோப்பை வந்துவிட்டது. பார்த்தீர்களா, ஆளை மாற்றியதும் கோப்பை என்று எல்லோரும் பேசினார்கள். சில வாரத்தில் ஒரு மனிதர் என்ன புதிதாகச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? பையன்களைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள் உடம்பைத் தயார் செய்ததும் முந்தின ஆள் செய்த வேலை. அடுத்த ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் நான்காம் இடம் என்றதும் மரைனேவைப் பெண்கள் அணிக்கு மாற்றி, அங்கே இருந்த ஹரேந்திர சிங்கை ஆண்கள் அணிக்குக் கொண்டுவந்தார்கள். ஹரேந்திராவும் அந்த வருஷ உலகக் கோப்பை முடிந்த கையோடு வெளியே. மரைனே என்ன ஆனார்? மூன்று வருஷம் ஒரே டீமோடு இருந்து, டோக்கியோ காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று சாய்த்து, நம் பெண்களை ஒலிம்பிக்ஸில் நான்காம் இடத்துக்குக் கொண்டுபோனார். ஆண்கள் அணிக்கு வேண்டாம் என்று தள்ளப்பட்ட அதே ஆள்தான்.

2023-ல் ஆண்கள் அணிக்குக் கோச்சாக வந்த கிரெய்க் ஃபுல்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் ப்ரோ லீக் ஐரோப்பா சுற்றில் வரிசையாக ஏழு மேட்ச் தோற்றோம். பழைய நிர்வாகமாக இருந்தால் ஏர்போர்ட்டிலேயே கடிதத்தை நீட்டியிருப்பார்கள். இந்த முறை விட்டுவைத்தார்கள், செப்டம்பரில் ராஜ்கிர் இறுதி ஆட்டத்தில் கொரியாவை 4-1 என்று அடித்து ஆசியக் கோப்பையை வாங்கி உலகக் கோப்பைக்கும் நேராகத் தகுதி பெற்றோம்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 உலகக் கோப்பையில், அதுவும் சொந்த மண்ணில், நியூசிலாந்திடம் ஷூட்-அவுட்டில் தோற்று ஒன்பதாம் இடம் என்று முடிந்த பிறகு கிரஹாம் ரீட் தானே விலகினார். டோக்கியோவில் 41 வருஷம் கழித்து மெடல் வாங்கிக்கொடுத்தவர், இருந்தாலும் விலகினார், அந்த மாற்றம் நல்லதற்கே ஆனது. ஆனால் தொடர் முடிந்து விலகினார், அடுத்தவருக்கு கேம்ப் வைத்துப் பழக நேரம் கிடைத்தது. அதே வருஷம் ஆகஸ்ட்டில் எழும்பூரில் நடந்த ஏஷியன் சாம்பியன்ஸ் டிராபி ஃபைனலுக்கு வந்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பாதி ஆட்டத்தில் மலேசியா 3-1 முன்னால், கடைசியில் 4-3 நமக்கு.

சரி, கமிட்டிக்காரரே, ஒரு விஷயத்தை நீங்கள் சொல்லவே இல்லை. ஏன் தோற்கிறீர்கள்? ஆறு தோல்வி என்கிறீர்கள், எத்தனை கோல் வித்தியாசம், பெனால்டி கார்னர் (எதிரணி தன் கோல் வட்டத்துக்குள் தப்பு செய்தால் கிடைக்கிற வாய்ப்பு) எத்தனை கிடைத்தது, எத்தனை உள்ளே போனது? அது தெரியாமல் கோச்சைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கமிட்டி ஆள்:

சார், கேட்டது நல்லதாகப் போயிற்று, மேட்ச் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஆறு தோல்வியில் ஐந்து ஒரே கோல் வித்தியாசம். பெனால்டி கார்னர் எதிரணியைவிட நாங்கள்தான் அதிகம் வாங்கியிருக்கிறோம், கோல் ஆனது சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. காரணமும் தெரிந்ததுதான். கார்னரில் பந்தை இழுத்து வீசிக் கோல் போடுகிற எங்கள் டிராக் ஃப்ளிக்கருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்து வேறு டீமுக்குப் போய்விட்டான், அவன் இடத்துக்கு ஆள் எடுக்கப் பணம் இல்லை என்று கமிட்டியே கையை விரித்தது. கோல்கீப்பருக்கு முழங்காலில் அடி, இரண்டாவது கீப்பர் காலேஜ் பையன்.

நைட் ஷிப்ட்:

நான் பெருங்குடியில் கனடா கம்பெனிக்கு ராத்திரி வேலை பார்க்கிறவன், அதனால் அவர்கள் ஊர் ஐஸ் ஹாக்கியை விடியற்காலையில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. நம் ஹாக்கி வேறு, அது வேறு, தெரியும். ஆனால் சீசன் நடுவில் கோச்சைத் தூக்குவது அங்கே பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. அங்கே டீம்களுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு, ப்ளேயரை நினைத்த நேரத்தில் வாங்க முடியாது, கோச் சம்பளம் அந்த வரம்புக்குள் வராது, அதனால் தோற்றால் முதலில் கோச் தலைதான். காக்கா சொன்ன அதே கணக்கு.

அது பலித்ததாகச் சொல்லப்படுகிற பெரிய கதை செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். 2018 நவம்பரில் கோச் மைக் யோவை நீக்கி கிரெய்க் பெரூபேயைத் தற்காலிகமாகப் போட்டார்கள், 2019 ஜூனில் அந்த லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையையே வாங்கிவிட்டார்கள். கோச்சைத் தூக்கு என்று கத்துகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் தேதியைக் கவனியுங்கள். பெரூபே வந்து ஆறு வாரம் ஆன பிறகும், ஜனவரி முதல் வாரத்தில், மொத்த லீகிலேயே கடைசி இடத்தில் இருந்தது அந்த டீம்தான். அந்த வாரம்தான் ஜோர்டான் பின்னிங்டன் என்ற கீப்பருக்கு முதல் முறையாக ஆரம்பத்திலிருந்து ஆட வாய்ப்பு கொடுத்தார்கள், முதல் மேட்சிலேயே ஒரு கோலும் விடவில்லை, அங்கிருந்துதான் டீம் எழுந்தது. கோச்சுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை, கீப்பரைப் போட்டதும் அவர்தானே. ஆனால் உங்கள் கீப்பர் கதையைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

எட்மன்டன் ஆய்லர்ஸும் அப்படித்தான். 2023 நவம்பரில் 13 மேட்சில் மூன்றே வெற்றி, ஜே வுட்கிராஃப்டை அனுப்பினார்கள், நாப்லாக் வந்தார், இடையில் வரிசையாக 16 வெற்றி, கடைசியில் ஃபைனலின் ஏழாவது மேட்ச் வரை போய்த் தோற்றார்கள். தோற்றுக்கொண்டிருந்தபோதும் ஷாட் அடிப்பதில் அவர்கள் மோசமில்லை, கீப்பிங்தான் ஓட்டை. அந்த மாதிரி டீம் யார் வந்தாலும் கொஞ்சம் மேலே ஏறத்தான் செய்யும்.

தூக்காமல் விட்டவர்களும் உண்டு. கொலராடோ 2016-17 சீசனில் 82 மேட்சில் 48 பாயின்ட் எடுத்துக் கடைசி, கோச் ஜாரெட் பெட்னாருக்கு அதுதான் முதல் வருஷம். வைத்துக்கொண்டார்கள், 2022-ல் கோப்பை. டாம்பா பே 2019-ல் லீகிலேயே முதலிடத்தில் முடித்து, ப்ளே-ஆஃப் முதல் சுற்றில் கொலம்பஸிடம் நாலுக்கு நாலும் தோற்றது, ஊரே சிரித்தது. ஜான் கூப்பரை அசைக்கவில்லை, 2020, 2021 இரண்டு வருஷமும் கோப்பை. மறுபக்கம் பஃபலோ, 2013-ல் லிண்டி ரஃப்பை நீக்கி, அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவராக ஆறு பேரைப் பார்த்து, 2024-ல் மறுபடியும் லிண்டி ரஃப்பையே கூட்டிவந்தார்கள். 2011-12 முதல் 2024-25 வரை 14 சீசன், ஒரு முறைகூட ப்ளே-ஆஃப் கிடையாது.

இன்னொன்று. நெதர்லாந்து ஃபுட்பால் லீகை வைத்து ஒரு பொருளாதார ஆய்வு உண்டு. தொடர்ந்து தோற்று கோச்சை நீக்கிய டீம்களையும், அதே அளவு தோற்றும் நீக்காத டீம்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டுவந்தன. கோச்சை நீக்கும் நேரமே டீம் அடிமட்டத்தில் இருக்கும் நேரம், அதற்கு அப்புறம் மேலே வருவதைத் தவிர வேறு வழி ஏது. ஒரே கோல் வித்தியாசத்தில் ஐந்து தோல்வி என்றால் அது எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

கேலரி காக்கா:

எல்லோரும் சேர்ந்து கோச்சுக்கு மாலை போட்டு உட்கார வைத்துவிடுவீர்கள் போலிருக்கிறதே. ஃப்ளிக்கர் போய்விட்டான், சரி. பெனால்டி கார்னருக்கு ஃப்ளிக் ஒன்றுதான் வழியா? நேராக ஓங்கி ஹிட் அடிக்கலாம், ஸ்டாப்பர் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடலாம், புஷ் கொடுத்தவனுக்கே திருப்பிக் கொடுத்து டிஃப்ளெக்ஷன் எடுக்கலாம். நல்ல ஃப்ளிக்கர் இல்லாத டீம்கள் காலம் காலமாக அப்படித்தானே கோல் போடுகின்றன? நான் பார்த்த மேட்சில் கிடைத்த கார்னர் ஒவ்வொன்றிலும் ஒரே பையன் ஒரே மாதிரி ஃப்ளிக் அடித்து, தடுக்க முதலில் ஓடிவருகிற எதிரணி ரஷரின் காலில் மோதிக்கொண்டே இருந்தான். ஆள் இல்லாததற்கு கமிட்டி காரணம், ஒத்துக்கொள்கிறேன். இருக்கிற ஆளை வைத்து வேறு வழி யோசிக்காததற்கு யார் காரணம்?

கோலி பேடு:

காக்கா கேட்டதுதான் இந்தத் திரியிலேயே உருப்படியான கேள்வி, ஆனால் அதற்கு அவர் நினைக்கிற பதில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் இதே லீகில் ரொம்ப காலம் கீப்பராக நின்றவன், இப்போது காலை நேரத்தில் பையன்களுக்குக் கீப்பிங் மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன்.

கார்னரில் வேரியேஷன் போடவேண்டுமானால் புஷ் கொடுப்பவன், ஸ்டாப் செய்பவன், அடிப்பவன், டிஃப்ளெக்ஷனுக்குப் போகிறவன் எல்லோரும் ஒரே நேரத்தில் டர்ஃபில் இருந்து பழகவேண்டும். கமிட்டி ஆள் சார், உங்கள் ப்ராக்டிஸுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? ஆபீஸில் பெர்மிஷன் கிடைக்கவில்லை, ஷிப்ட், இன்ஸ்பெக்ஷன் என்று பாதிப் பேர் வராமல் இருப்பதுதான் இங்கே வழக்கம். ஒப்பந்தத்தில் வருகிற வெளியூர்ப் பையன்கள் மேட்சுக்கு முதல் நாள் ராத்திரி சென்ட்ரலில் வந்து இறங்குகிறார்கள். டர்ஃபில் ஸ்லாட் கிடைப்பது ஒரு பாடு, கிடைத்த ஸ்லாட்டிலும் ஆள் இல்லை என்றால் அந்த மனிதர் கோன்களுக்கா கார்னர் சொல்லிக்கொடுப்பார்?

கடைசி குவாட்டரில் ஓடவில்லை என்பதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். 15 நிமிடம் வீதம் நாலு குவாட்டர், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம், அதனால் இன்றைய ஹாக்கியில் பெஞ்ச்தான் பாதி டீம். பெரிய டீம்களில் ஃபார்வர்டுகள் சில நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே வந்து உள்ளே போகிறார்கள். பெஞ்சில் நம்பி இறக்குகிற மாதிரி இரண்டே பேர் இருந்துகொண்டு சென்னை வெயிலில் ஃபுல் பிரஸ் (எதிரணிப் பாதி முழுக்கத் துரத்திப் பந்தை மறிப்பது) ஆடினால் நாலாவது குவாட்டரில் நாக்குத் தள்ளத்தான் செய்யும். இங்கே கோச் மேல் ஒரு தப்பு இருக்கலாம். ஆள் குறைவு என்று தெரிந்தும் ஃபுல் பிரஸ்தான் ஆட வைக்கிறாரா, இல்லை நடுக்கோட்டுப் பக்கம் பின்னால் இறங்கி ஹாஃப் பிரஸ் ஆட வைக்கிறாரா? முதலாவது என்றால் காக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

உடனே தூக்கவேண்டிய நேரமும் உண்டு. பையன்கள் மேல் கை வைக்கிறார், காசு வாங்கிக்கொண்டு ஆளை எடுக்கிறார், காயத்தோடு ஆட வைக்கிறார் என்றால் சீசன் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சீனியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வந்து இவரோடு ஆட முடியாது என்று சொன்னாலும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் செக்ரட்டரி வாயால் கேட்காதீர்கள், நீங்களே பையன்களோடு டீ குடித்துக்கொண்டே பேசிப் பாருங்கள், செக்ரட்டரி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

பழைய லெஃப்ட் ஹாஃப்:

பேடு சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று நம்பி ஓட்டுப் போடாதீர்கள். வாசுதேவன் பாஸ்கரனைவிட நம் ஊருக்குப் பெரிய பெயர் உண்டா, 1980 மாஸ்கோ தங்கத்துக்குக் கேப்டன். அவர் கோச்சாக இருந்த 2006 உலகக் கோப்பையில் இந்தியா 11-ஆம் இடம். அவர்மேல் எனக்கு இருக்கிற மரியாதை கொஞ்சமும் குறையவில்லை, கையில் இருந்த டீம் அப்படி. உங்கள் செக்ரட்டரி கொண்டுவருகிற ஆளுக்கும் அதே ஃப்ளிக்கர் இல்லாத டீம்தானே கிடைக்கப்போகிறது? முதல் கோச் வேலையிலேயே டிவிஷன் இறங்கிய பெயர் அவருக்கு வரும், அவருக்காகவும் கொஞ்சம் யோசியுங்கள்.

கமிட்டி ஆள்:

எல்லோருக்கும் நன்றி. கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ப்ராக்டிஸுக்கு முழு டீம் வந்த நாள் இந்த சீசனில் அபூர்வம், ரெஜிஸ்டர் கோச்சிடம் இருக்கிறது, மீட்டிங்குக்கு அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். செக்ரட்டரிக்கு அது பிடிக்கவில்லை. பிரஸ் பற்றி நேற்று கோச்சிடமே கேட்டேன். ஃபுல் பிரஸ்தான், போன சீசனில் அதில்தான் ஜெயித்தோம், பையன்களுக்கும் பழகிவிட்டது என்றார். காக்கா, இதில் உங்களுக்குப் பாதி பாயின்ட். மாற்றிப் பார்க்கிறீர்களா என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் சரி என்றார்.

பையன்களில் இரண்டு பேரிடம் பேசினேன். கத்துவது எரிச்சல்தான், ஆனால் புது ஆள் வேண்டாம் என்கிறார்கள், அவர் வந்தால் யார் யார் டீமில் இருப்பார்கள் என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது. என் ஓட்டு சீசன் முடியும்வரை வைத்துக்கொள்வதற்குத்தான். மற்றவர்கள் எப்படிப் போடுவார்கள் என்று தெரியாது, தோற்றாலும் தோற்பேன். கோச்சை அனுப்பினால் அவருக்கு மீதி மாதச் சம்பளமும் கொடுத்து புது ஆளுக்கும் கொடுக்கவேண்டும், அந்தப் பணத்துக்கு ஒரு கீப்பரை எடுக்கலாமே என்று கேட்கப்போகிறேன். கோலி பேடு சார், லீக் பாதியில் பதிவு செய்ய விதி இடம் கொடுத்தால் உடனே வரக்கூடிய நல்ல கீப்பர் யாராவது உங்கள் கையில் இருக்கிறார்களா?

கோலி பேடு:

ஒருத்தன் இருக்கிறான், டைவ் கொஞ்சம் லேட், ஆனால் கார்னருக்கு நன்றாக நிற்பான். விதியை நீங்கள் பார்த்துவிட்டுத் தனிச்செய்தியில் வாருங்கள். பேடு அவனிடம் இல்லை, நீங்கள்தான் கொடுக்கவேண்டும்.

கேலரி காக்கா:

அடுத்த மேட்சுக்கு வருகிறேன். ஃபுல் பிரஸ் ஆடினால் கேலரியிலிருந்து நானே கத்துவேன்.